எதற்கு இந்தக் கத்தி?

இந்த இதழுக்குக் கத்தியைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் விடுதி நண்பர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "மொழியைப் பற்றி எழுதுகிறார்கள், காதலைப் பற்றி எழுதுகிறார்கள், கடவுளைப் பற்றியும் எழுதுகிறார்கள். உனக்குக் கத்திதானா கிடைத்தது?" என்றார். ஆம், கத்திதான் கிடைத்தது. மடக்கினால் உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சிறு கத்தி. அதைத் தேடி வாங்க எனக்கு நான்கு திங்கள் ஆயின. வாங்கிய பிறகு ஒரு நாள் இரவு அதனால் நான் கற்றுக்கொண்ட பாடம் இன்னும் நெஞ்சை உறுத்துகிறது. அந்தப் பாடம் எனக்கு மட்டும் உரியதன்று. இங்குப் படிக்கும் நம் எல்லோர்க்கும் உரியது என்று எண்ணியே எழுதத் துணிந்தேன்.

முதலில் என்னைப் பற்றிச் சில சொற்கள். நான் தாவரவியல் முதுகலை மாணவன். பிறந்தது போளூர்ப் பக்கத்துச் சிற்றூர். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, கரும்பாலையில் வெல்லம் காய்ச்சும் வேலை கிடைத்ததென்று அப்பா எங்களைப் பாலசமுத்திரத்திற்கு அழைத்து வந்தார். சித்தூர் மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் அது. எங்கள் தெருவில் பாதிப்பேர் வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசுவார்கள். நான் தெலுங்குப் பள்ளியில் படித்தேன். இன்று நான் தெலுங்கு பேசினால் பிற ஊர்க்காரன் என்று எவரும் சொல்ல முடியாது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் நிகழ்ச்சிக்கு இது தேவைப்படுகிறது.

என் ஆய்வு கல்பாசியைப் பற்றியது. நம் தாய்மார் குழம்பில் மணத்திற்குப் போடுகிறார்களே, அந்தக் கல்பாசிக் குடும்பம்தான். தெலுங்கர் அதனை 'ராதி புவ்வு' என்பர். கல்லில் பூத்த பூ என்று பொருள். பூவும் அன்று, வெறும் பாசியும் அன்று அது. பூஞ்சை ஒன்றும் பாசி ஒன்றும் ஒன்றையொன்று சார்ந்து ஓருடலாக வாழும் உயிர். பாசி உணவு ஆக்கித் தருகிறது. பூஞ்சை அதற்கு இடமும் ஈரமும் தந்து காக்கிறது. பாலசமுத்திரத்துப் பாறைகளில் சாம்பலும் மஞ்சளும் பச்சையுமாக அது திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்கிறது. பத்து ஆண்டுகள் அந்தப் பாறைகளின்மேல் ஏறி விளையாடிய எனக்கு, அவை உயிருள்ளவை என்று முதுகலை வகுப்பில்தான் தெரிந்தது!

இந்தப் பணிக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில: ஒரு கைவில்லை, சிற்றுளி, சுத்தி, காகித உறைகள், கத்தி. பாறையோடு பாறையாகப் பற்றிக் கிடப்பவற்றை உளியால் பெயர்க்க வேண்டும். இலைபோல் விரிந்து நிற்பவற்றை நீர் தெளித்து நனைத்துக் கத்தி முனையால் மெல்லக் கிளப்ப வேண்டும். நனைக்காமல் கிளப்பினால் அப்பளம் போல் நொறுங்கிவிடும். மரப்பட்டையில் வளர்பவற்றைப் பட்டையின் மேற்பகுதியோடு மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் கத்தி வேண்டும்.

முதலில் என்னிடம் இருந்தது ஒரு பழைய பேனாக்கத்தி. ஒரு நாள் காலையில் பாறை இடுக்கில் அதன் முனையைச் செருகி நெம்பினேன். அழுத்தம் அலகின் முதுகுப் பக்கம் விழுந்துவிட்டது. கண் இமைப்பதற்குள் அலகு மடங்கி என் சுட்டுவிரலின்மேல் இறங்கியது. துண்டைச் சுற்றிக்கொண்டு குன்றிலிருந்து இறங்கினேன். மருத்துவ நிலையத்தில் 3 தையல் போட்டார்கள். விரலை இன்றும் முழுவதும் மடக்க முடிவதில்லை. அம்மா, "படிப்புக்குப் போன பிள்ளை பாறையிலே என்னத்தைத் தேடுது?" என்று அழுதாள்.

அன்று மாலையே அந்தக் கத்தி ஏன் மடங்கியது என்று ஆராய்ந்தேன். அறிவியல் மாணவனுக்கு வலியைவிடக் காரணம் பெரிது போலும்! மடக்குக் கத்தியின் முதுகில் ஒரு வில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தமிழர் இத்தகைய கத்தியை 'வில்லுக்கத்தி' என்றே சொல்வதாக அறிந்தேன். எவ்வளவு பொருத்தமான சொல்! பேனாக்கத்தியில் அந்த வில் அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டு மட்டும் இருக்கிறது. அதனால் அலகு தானாக ஆடாது. ஆனால் வில்லின் வலிமையை மீறி அழுத்தினால் மடங்கிவிடும். முதுகுப் பூட்டுக் கத்தியின் அமைப்பு வேறு. அதன் முதுகில் ஓர் இரும்புச் சட்டம் இருக்கிறது. அது நடுவில் ஓர் ஆணியில் ஏற்றம் போல் ஆடும். முன் நுனியில் ஒரு கொக்கி. பின் நுனியின் அடியில் வில். அலகை முழுவதும் விரித்ததும் அந்தக் கொக்கி அலகின் அடியில் உள்ள வெட்டில் 'டக்' என்று விழுகிறது. அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் சுமை வில்லின்மேல் விழாது, கொக்கியின்மேல் விழும். மடக்க வேண்டுமானால் முதுகின் பின்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அப்போது கொக்கி எழும்பி அலகு விடுபடும்.

இந்த அமைப்புப் பல ஊர்களில் பல உருவங்களில் வளர்ந்தது. பிரான்சு நாட்டின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-இல் உழவர்களுக்காக மரப்பிடிக் கத்தி ஒன்றைச் செய்தார். அதற்கு நெடுங்காலம் பூட்டே இல்லை. 1955-இல்தான் கழுத்தில் சுழலும் ஒரு வளையத்தைப் பூட்டாகச் சேர்த்தார்கள். அமெரிக்காவில் பக் குடும்பத்தார் 1960-களில் '110' என்ற எண்ணோடு வெளியிட்ட கத்தியே முதுகுப் பூட்டை உலகெங்கும் பரப்பியது. மரக் கைப்பிடியும் பித்தளைப் பூணும் உடைய அதன் தோற்றத்தைப் பார்த்தே பிற்காலத்தில் எண்ணற்ற கத்திகள் செய்யப்பட்டன.

காரணம் தெரிந்துவிட்டது, இனி வாங்க வேண்டியதுதானே என்று நினைத்தேன். அங்கேதான் தொல்லை தொடங்கியது. விடுதியில் ஆளுக்கு ஒரு கருத்துச் சொன்னார்கள். ஒருவர் ராம்பூர்க் கத்தி வாங்கச் சொன்னார். உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் செய்யப்படும் அக்கத்தி இந்தித் திரைப்படங்களால் பெயர் பெற்றது. 'கடகட' என்ற ஒலியோடு விரிந்து எதிரியை நடுங்க வைப்பது. அந்நகரத்தார் 2023-இல் தம் பழைய தொழிலின் அடையாளமாகப் பெரியதொரு கத்தியையே நாற்சந்தியில் நிறுவியிருக்கிறார்கள். ஆயினும் என் கல்பாசி எதிரி அன்றே! அதை நடுங்க வைத்து நான் என்ன செய்வது? மற்றொருவர், "வாங்குவதுதான் வாங்குகிறாய், பெரிதாக வாங்கு, மலையில் கரடி வந்தால் உதவும்" என்றார். கரடி வந்தால் எனக்கு உதவப் போவது கத்தி அன்று, கால்கள்தாம் என்றேன்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் பெரிய கத்தியின்மேல் ஆசை இருந்தது. படங்களில் கண்ட 5 அங்குல அலகும் மான்கொம்புப் பிடியும் கனவில் வந்தன. இருபத்து மூன்று வயதில் யாருக்குத்தான் அந்த ஆசை இல்லை?

தேர்வு விடுமுறையில் சென்னைக்குச் சென்றபோது, பாரிமுனைப் பக்கத்துச் சந்து ஒன்றில் பழைய இரும்புக் கடை ஒன்றைக் கண்டேன். கடைக்காரர் முதியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மடக்குக் கத்தி வேண்டும்; நல்லதாக, பெரியதாக" என்றேன்.

"எதுக்குப்பா?" என்றார்.

எனக்குச் சற்றுச் சினம் வந்தது. பணம் கொடுப்பவனைப் பார்த்து எதற்கு என்று கேட்பதா? ஆயினும் கல்பாசியைப் பற்றிச் சொன்னேன். விரலைக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ சொல்ற வேலைக்கு 3 அங்குலம் போதும். முனையிலேதான் உனக்கு வேலை. அலகு நீளமானா முனை கையை விட்டு எட்டிப் போயிடும், கை ஆடும். எழுதற பேனாவை நுனியிலே பிடிக்கிறியா, வாலிலே பிடிக்கிறியா?"

அந்த ஒரு சொல்லில் என் மான்கொம்புக் கனவு கலைந்தது. அவர் மூன்று கத்திகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் எப்படிப் பார்க்க வேண்டும் என்றும் கற்பித்தார். விரித்துப் பிடித்து அலகை இடமும் வலமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆணியில் தளர்ச்சி இருந்தால் ஆடும். அலகின் முதுகை ஒரு மரக்கட்டையின்மேல் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். பூட்டு நழுவினால் அந்தக் கத்தி ஆகாது. கொக்கி விழும் வெட்டில் மண்ணோ நூலோ அடைத்திருந்தால் பூட்டு அரைகுறையாக விழும். ஓசை கேட்டதே என்று நம்பிவிடக் கூடாது. மடக்கும்போது நான்கு விரல்களும் அலகின் பாதையில் இல்லாமல் இருக்க வேண்டும். எவ்வளவு நல்ல பூட்டானாலும் நெம்புவதற்கு அதை நம்பக் கூடாது. நெம்புவதற்கு உளி இருக்கிறது. என் விரல் கற்ற பாடமும் அதுவே.

பிறகு இரும்பைப் பற்றிய கேள்வி வந்தது. கரிமம் மிகுந்த எஃகா, துருப்பிடிக்காத எஃகா? கரிம எஃகை ஊர்ச் சாணைக்கல்லில் எளிதாகத் தீட்டலாம். கூர் நன்றாக ஏறும். ஆனால் ஈரம் பட்டால் துரு. மாங்காய் நறுக்கினால் கறுப்பு. மாங்காயிலுள்ள துவர்ப்பொருள் இரும்போடு சேர்ந்து கருமை தருகிறது; பழங்காலத்தில் எழுத்து மை செய்ததும் இதே வேதியியலால்தான். துருப்பிடிக்காத எஃகில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குரோமியம் கலந்திருக்கும். அது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகி இரும்பைக் காக்கிறது. தீட்டுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

எஃகு என்றதும் நம் நாட்டுப் பெருமை ஒன்று நினைவுக்கு வராமல் போகாது. தென்னாட்டு உருக்கு ஒரு காலத்தில் கடல் கடந்து சென்றது. கொங்கு நாட்டுக் கொடுமணல் அகழாய்வில் பழந்தமிழர் இரும்பும் எஃகும் ஆக்கிய தடயங்கள் கிடைத்துள்ளன. மேலைநாட்டார் அந்த எஃகை 'உட்ஸ்' என்றார்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் உள்ள 'உக்கு', தமிழில் உள்ள 'உருக்கு' ஆகியவற்றோடு தொடர்புடைய சொல் அது என்பர் அறிஞர். மின்னியலால் புகழ் பெற்ற மைக்கேல் பாரடே, 1819-இல் இந்த இந்திய எஃகைத்தான் பகுத்து ஆராய்ந்தார். அதன்பின் கத்தி செய்வோரான ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து எஃகுக் கலவைகளைப் பற்றிப் பல ஆய்வுகள் செய்தார். நம் உலையில் பிறந்த பொருளின் பெயரை அயல்நாட்டார் ஏட்டில் படிக்க வேண்டியவர்களாகிவிட்டோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் பெருமை பேசிக்கொண்டிருந்தால் கத்தி வாங்க முடியுமா?

என் வேலை மழைக்கால வேலை. நனைந்த பாறை, நனைந்த பட்டை. துரு ஏறினால் அலகை விளக்கிக்கொள்ளலாம். பூட்டு விழும் வெட்டிலும் வில்லிலும் துரு ஏறினால் விரலுக்குக் காவல் இல்லை. ஆதலால் துருப்பிடிக்காத எஃகையே தேர்ந்தேன். 3 அங்குல அலகு, நூக்க மரப் பிடி, இரு முனையிலும் பித்தளைப் பூண், விரிப்பதற்கு அலகில் ஒரு நகப்பள்ளம். விலை 850 ரூபாய். முதியவர் அதை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றித் தந்து, "மாசத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடு, பல்லு குத்தாதே" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டிற்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். அவர் கொப்பரைப் புகையில் சிவந்த கண்களோடு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கத்தியை விரித்தார், மடக்கினார், மீண்டும் விரித்தார். "நல்ல கத்தி" என்றார். பிறகு அவரும் அதே கேள்வியைக் கேட்டார்.

"எதுக்குடா இது?"

"ஆய்வுக்குத்தான் அப்பா. முன்பே சொன்னேனே."

"எனக்குச் சொன்னே. வழியிலே பாக்கிறவனுக்கு யாரு சொல்றது?"

அவர் எதை நினைக்கிறார் என்று எனக்கு உடனே விளங்கியது. நண்பர்களே, உங்களுக்கும் விளங்கும். நம் பல்கலைக்கழகத்தின் பின்னே நிற்கும் சேஷாசல மலையில் செம்மரம் வளர்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. அதற்கு அயல்நாடுகளில் உள்ள விலையால் அது களவாக வெட்டப்படுகிறது. வெட்டுவதற்குக் கூலிக்கு அழைக்கப்படுவோரில் பலர் நம் சவ்வாது மலைப்பக்கத்து ஏழைகள். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் அந்த மலையடிவாரத்தில் ஆந்திரக் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தனர். எல்லோரும் தமிழ்நாட்டுக் கூலிகள். அப்போது நான் ஏழாம் வகுப்பு. போளூர்ப் பக்கத்து உறவினர்கள் எல்லோரையும் அப்பா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "நம்ம ஆளுங்க யாரும் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டிருந்தது இன்னும் காதில் ஒலிக்கிறது. எங்கள் உறவில் யாரும் இல்லை. ஆயினும் அவர் அன்று சாப்பிடவில்லை.

எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியது! ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியும் பள்ளிப்பட்டும் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. பாலசமுத்திரம் ஆந்திரத்தில் நின்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானபோதும் எங்கள் ஊர் சித்தூரிலேயே இருந்தது. கோடுகள் மாறலாம், வேலை தேடி நடப்பவன் காலுக்கு அவை தெரிவதில்லை. கையில் இருக்கும் கருவியைப் பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் தெரிகின்றன.

அப்பா சொன்னதற்குப் பிறகு சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தைச் சார்ந்த விதிகளின்படி, அலகு 9 அங்குலத்திற்கு மேல் நீண்டோ 2 அங்குலத்திற்கு மேல் அகன்றோ இருந்தால்தான் கத்தி படைக்கலம் ஆகும். வீடு, உழவு, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென அமைந்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. சில பகுதிகளுக்கு மட்டும் அரசு தனி அறிவிப்பால் கடுமை காட்டலாம். இதன்படி என் 3 அங்குலக் கத்தி ஒன்றுமே இல்லை. ஆனால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்பதற்குக் கூறும் பட்டியலில் கத்தி என்ற சொல்லே இருக்கிறது. அளவு எதுவும் இல்லை. சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் எழுத்து வடிவான முன்னனுமதி இல்லாமல் அதைக் கொண்டு நுழைவது குற்றம். சாலையில் கருவி, வேலிக்கு அப்பால் ஆயுதம்! ஆகவே மலைப்பக்கம் துறைக் குழுவோடு சென்றபோது என் கத்தியை விடுதியிலேயே வைத்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பாறைகளுக்கு மட்டும் அதை எடுத்துச் சென்றேன். ஆய்வின் பெயரும் கருவிகளின் பெயரும் குறித்த ஒரு கடிதத்தைப் பேராசிரியரிடம் தெலுங்கில் பெற்று, எப்போதும் பையில் வைத்துக்கொண்டேன்.

இவ்வளவு முன்கருதலோடு இருந்தவன் தவறியது எங்கே என்று இனிச் சொல்கிறேன்.

கார்த்திகை மாதத்து இரவு ஒன்று. ஊரிலிருந்து கல்பாசி உறைகளோடு திருப்பதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பேருந்தில் என் பக்கத்தில் ஒரு பெரியவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நான் அம்மாவோடு கைப்பேசியில் பேசியதைக் கேட்டுவிட்டு, "தம்பி தமிழா?" என்று மகிழ்ச்சியோடு கேட்டார். அவர் தச்சர். திருவண்ணாமலைப் பக்கம். திருப்பதியில் வீடு கட்டும் ஒருவருக்குக் கதவு நிலை செய்ய வரச் சொல்லியிருந்தார்களாம். காலடியில் சாக்குப் பை. அதில் ரம்பம், வாச்சி, உளிகள், இழைப்புளி. "பொண்ணு தலைத் தீபாவளிக்கு வாங்கின கடன் இருக்குது தம்பி, இந்த வேலை முடிஞ்சா தீந்துடும்" என்றார். தம் சம்புடத்திலிருந்து எனக்கு இரண்டு முறுக்குக் கொடுத்தார். தின்றேன்.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பேருந்து நின்றது. இருவர் ஏறிப் பைகளைப் பார்த்துக்கொண்டே வந்தனர். என் பையைத் திறந்ததும் கத்தி கைக்கு வந்தது.

"இதி எந்துகு?" என்றார் அவர்.

அதே கேள்வி, மூன்றாம் முறை. எனக்கு விடை தெரியும். தயங்காமல் நல்ல தெலுங்கில் சொன்னேன். கடிதத்தைக் காட்டினேன், உறைகளைக் காட்டினேன், அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் உறை ஒன்றைத் திறந்து முகர்ந்துகூடப் பார்த்தார். சிரித்துக்கொண்டே கத்தியைத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு பெரியவரின் சாக்குப் பையைத் திறந்தார். ரம்பத்தைக் கண்டதும் அவர் முகம் மாறியது. தெலுங்கில் கேள்வி மேல் கேள்வி. பெரியவருக்குத் தெலுங்கு தெரியாது. "கதவு… நிலை… வேலை…" என்று கைகளால் சட்டம் போட்டுக் காட்டினார். பின்பு என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்.

நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? அச்சம் என்று ஒரு சொல்லில் கூறிவிடலாம். அந்த ஒரு கணத்தில் என் நெஞ்சில் ஓடியவற்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். இப்போதுதான் என் கத்தி என்னிடம் திரும்பி வந்திருக்கிறது; தமிழில் வாய் திறந்தால் நானும் இவரோடு சேர்ந்தவன் ஆகிவிடுவேனே; கடிதத்தை மீண்டும் கேட்பார்களே; நாளைக் காலை வகுப்பு இருக்கிறதே. இப்படியெல்லாம் ஓடின. நான் குனிந்து பையின் வாரைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கட்டிய வாரை அவிழ்த்து மீண்டும் கட்டினேன். பெரியவரையும் அவர் சாக்கையும் கீழே இறக்கினார்கள். சற்று நேரம் பொறுத்துப் பேருந்து புறப்பட்டது. சன்னல் வழியே பார்த்தேன். விளக்கொளியில் அவர் உளிகளை ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு என்ன நேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. வீடு கட்டுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டு, அடுத்த பேருந்தில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். அந்தக் காவலரையும் நான் குறை சொல்லவில்லை. களவு நடக்கும் நாட்டில் ரம்பத்தைக் கண்டவர் கேட்கத்தான் செய்வார். கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த ஒருவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாம இந்த ஊருக்கு வந்தப்போ எனக்கும் ஒரு வார்த்தை தெலுங்கு தெரியாது. கையிலே கரும்பு வெட்டற கத்தி. அன்னைக்குப் பஸ்ஸிலே எனக்காக ஒரு ஆள் பேசினான். அவன் யாருன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது" என்றார். பிறகு கொப்பரைக்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டார்.

என் விரல் அறுபட்டபோது, மடங்காத கத்தி வேண்டும் என்று நான்கு திங்கள் தேடினேன். அலகின் நீளத்தையும் எஃகின் கலவையையும் பூட்டின் வலிமையையும் ஆராய்ந்தேன். அவையெல்லாம் என் விரலைக் காத்தன, இன்றும் காக்கின்றன. நல்ல கத்தியைத் தேர்வது எளிதே என்று இப்போது தோன்றுகிறது. எதற்கு என்ற கேள்விக்கு உண்மையான விடை தெரிந்தால் போதும். கத்தி தானே அமைந்துவிடும். ஆனால் விடை தெரிந்தவன் தனக்கு மட்டும் அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால், அந்த விடையால் யாருக்கு என்ன பயன்?

மாணவ நண்பர்களே! கள ஆய்வுக்குச் செல்வோர்க்கு என் வேண்டுகோள் சில உண்டு. வேலைக்கு ஏற்ற சிறிய கத்தியை வாங்குங்கள். பூட்டு உள்ளதை வாங்குங்கள். பையின் அடியில் மடக்கி வையுங்கள்; இடுப்பில் செருகாதீர்கள். துறைக் கடிதத்தில் கருவிகளின் பெயரைத் தெலுங்கிலும் எழுதி வாங்குங்கள். காட்டு எல்லைக்குள் அனுமதி இல்லாமல் அதைக் கொண்டு செல்லாதீர்கள்.

நம் மன்றத்திற்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நாம் பொங்கல் விழா எடுக்கிறோம், பேச்சுப் போட்டி வைக்கிறோம், நன்று. நம்மில் தெலுங்கு நன்கு தெரிந்தவர் பலர் இருக்கிறோம். மருத்துவமனையிலும் புகைவண்டி நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் மொழி தெரியாமல் விழிக்கும் நம் ஊர்த் தொழிலாளிக்கு ஒரு சொல் உதவ முன்வருவோர் பெயரை ஒரு தாளில் எழுதி, அலுவலக அறையில் தொங்கவிட்டால் என்ன? முதற் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு நான் தகுதி உடையவன் அல்லன் என்பதாலேயே கேட்கிறேன்.

அந்தத் தச்சர் இந்த இதழைப் படிக்கப் போவதில்லை. ஆனாலும் அன்று அவர் கேட்டபோது சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்: ஐயா, இவர் மரம் வெட்ட வந்தவர் அல்லர், கதவு நிலை செய்ய வந்தவர். இவர் பையில் இருப்பவை தச்சுக் கருவிகள். இவரை எனக்குத் தெரியும்.